விறகுக் கரி என்று சொன்னேன்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மொட்டைமாடிக்குப் போய், நேற்று எடுக்க மறந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்தேன். என் வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையில் ஒரு கரும்புள்ளி. கடுகில் பாதி இருக்கும். ஊதினேன், போகவில்லை. விரலால் தொட்டேன். கண் மை போல இழுபட்டு ஒரு கோடாகி நின்றது.

எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று தெரியாது. நம் பக்கத்தில் இப்போது எல்லாத் திசையிலும் புகைபோக்கிகள்தான். ஆனால் அந்தப் பிசுபிசுப்பை விரல் உடனே கண்டுகொண்டது. கூடவே உங்கள் குரலும் வந்தது. “ஊதிப் பாரு அம்மிணி. போனா வெறகு. ஈஷுனா ஆஸ்பத்திரி.”

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை ஒரு கூட்டம் இருக்கிறது. ஊரில் உள்ள எல்லா ஆஸ்பத்திரிகளின் குப்பையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து எரிக்க, நம் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற தரிசுக் காட்டில் யாரோ இடம் வாங்கியிருக்கிறார்கள். மக்கள் கருத்தைக் கேட்க அதிகாரிகள் வருகிறார்கள். நம் ஊர் சார்பாக என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். “அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரி சூளைய மூட வெச்சது நீங்கதானுங்களே” என்றார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. இந்த எட்டு வருடமாக நான் எதற்குமே இல்லை என்று சொன்னதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

வீரபாண்டிக்குப் போகிற சாலையில், எங்கள் சலவைப் பட்டறைக்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் லைன் வீடுகள். அதில் ஆறாவது வீடு உங்களுடையது. எதிர்ப்பக்கம் எங்கள் வீடு. உங்களுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எனக்கு அப்போது வேலை ஒன்றும் இல்லை. ஒரு பி.எஸ்ஸி வேதியியல் பட்டம் இருந்தது. அந்த வீதியில் காலேஜ் படியேறியவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கு நீங்கள் வைத்த பெயரே “பி.எஸ்ஸி”. தண்ணீர் லாரி வந்தால், “ஏனுங்க பி.எஸ்ஸி, கொடத்தத் தூக்கறதுக்குப் பாடம் நடத்தினாங்களா?” என்று குரல் கொடுப்பீர்கள். எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் செங்கல்லில் கட்டிய ஒரு சூளை. புகைபோக்கி நம் வீட்டுக் கூரைகளைவிடச் சற்றுத்தான் உயரம். காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை எரிப்பார்கள். ரப்பர் கருகுகிற நாற்றம் முதலில் வரும். அதன் பின்னால், முடி கருகுகிற நாற்றம். சோற்றை மூடி வைத்தாலும் சோற்றில் அது இருக்கும். உங்கள் செல்விக்கு அப்போது பன்னிரண்டு வயது. சூளை எரிகிற நேரத்தில் அவள் இருமுவது எங்கள் சமையலறைக்குக் கேட்கும்.

நான் என் படிப்புக்கு ஏற்றபடி மூன்று தாளில் மனு எழுதினேன். பிளாஸ்டிக் எரிந்தால் என்னென்ன வாயு வரும் என்று வரிசையாகப் போட்டிருந்தேன். பெருமையாக உங்களுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டீர்கள்.

“நல்லாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா இதப் படிச்சா ஆபீசருக்குத் தூக்கம் வரும். இருமல் வராது.”

அடுத்த நாள் கம்பெனியிலிருந்து வரும்போது கட்டிங்கில் கழிந்த வெள்ளைத் துணித் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தீர்கள். தினம் ஒரு துண்டு. விடிந்ததும் கொடியில் போடுவது, இருட்டும்முன் எடுப்பது. அதில் எங்கெல்லாம் கரி விழுந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர். பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் செக்கிங்கில் ஒட்டுவீர்களே, அதே சிவப்பு அம்பு. ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் தேதி, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது. ஒரு துண்டுக்கு ஒரு பாலித்தீன் கவர். மூன்று மாதத்தில் உங்கள் பரண் நிறைந்துவிட்டது.

பெண்களைச் சேர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. லைனில் பாதிப் பிள்ளைகள் அந்த டாக்டர் கையில் பிறந்தவர்கள். “பிரசவம் பாத்த கையைக் கடிக்கறதாக்கா?” என்று பக்கத்து வீட்டுப் பாத்திமா கேட்டாள். “கையைக் கடிக்கல தாயி. அடுப்பத்தான் அணைக்கச் சொல்றோம்” என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு ரோட்டில் வந்து உட்கார்ந்தவர்கள் என் மூன்று தாளுக்கு வந்திருக்க மாட்டார்கள். கம்பெனி வேன்களெல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. வேனுக்குள் இருந்த பெண்களும் இறங்கி வந்து நம்மோடு உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அதிகாரி வந்தார். நீங்கள் கவர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் விரித்தீர்கள். அவருக்கு அம்புகள் புரியவில்லை.

“இதெல்லாம் என்னம்மா?”

“டேமேஜுங்க சார். நாங்க பனியன்ல டேமேஜ் பாத்துப் பொழைக்கறவங்க. இது எங்க காத்துல இருக்கற டேமேஜ்.”

அவர் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தார். தேய்த்த விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். கறை போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தார். அந்த மாதமே சூளையை மூடும்படி உத்தரவு வந்துவிட்டது.

அன்று லைன் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தோம். என்னைத் தூக்கிவைத்துப் பேசினார்கள். மனுவில் என் கையெழுத்துத்தான் முதலில் இருந்தது. நீங்கள் கேசரிக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“மூடியாச்சு, செரி. நாளைக்கும் அங்க ஊசி போடுவாங்க, கட்டுப் பிரிப்பாங்க. அந்தக் குப்பைய எங்க கொண்டுட்டுப் போவாங்க?”

“அது அவங்க கவலைங்க்கா” என்றேன். வாயில் கேசரி இருந்தது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. பட்டறையில் அடுக்கியிருந்த விறகெல்லாம் ஊறிப்போனது. பாய்லர் சூடேறாமல் துணி வெளுக்காது. என் வீட்டுக்காரர் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் மதியம் நானே கேரியரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பாய்லர் கொட்டகையில் விறகுக்குப் பக்கத்தில் நீலப் பாலித்தீன் மூட்டைகள் கிடந்தன. ஒன்றின் வாய் பிரிந்து பஞ்சும் குளுக்கோஸ் டியூபும் வெளியே தெரிந்தன. பாய்லர்காரர் இரும்புக் கம்பியால் ஒரு மூட்டையை அடுப்பு வாய்க்குள் தள்ளினார். ரப்பர் கையுறை ஒன்று நெருப்பில் உப்பி, ஐந்து விரலையும் விரித்து நிமிர்ந்து, பிறகு சுருண்டது. “வெறகு என்னத்துக்கு ஆகும், இது நல்லா எரியுதுங்கம்மா” என்றார் அவர், மகிழ்ச்சியாக.

உள்ளே போய் இவரிடம் கேட்டேன்.

“அது என்னதுங்க?”

“குப்பை.”

“எங்கத்த குப்பை?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வெறகு நனஞ்சு கெடக்குது. துணி தேங்கி நிக்குது. சும்மாவே கொண்டாந்து போடறாங்க. மழை விடற வரைக்குந்தான்.”

“ரோட்டுல உக்காந்து நாங்க நிறுத்துனதுங்க இது.”

“அங்கதான நிறுத்தச் சொன்னீங்க? அங்க நின்னுபோச்சல்ல?”

கேரியரைத் திறந்து சோறு போட்டேன் அக்கா. அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை நின்று மோர் ஊற்றினேன். மழைக்குள் நடந்து வீட்டுக்கு வந்தேன். மழை விடட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மழை விட்டது. மூட்டைகள் நிற்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு வெள்ளைத் துண்டு. அதில் ஏழோ எட்டோ சிவப்பு அம்புகள்.

“ஏனம்மிணி, சித்தே இதப் பாரு. சூளைய மூடிப்போட்டாங்க. கரி மட்டும் அதே கரியா இருக்குது.”

“காத்து மாறியிருக்குமுங்க்கா.”

“அதத்தான் நானும் சொல்றேன். இப்பக் காத்து உங்க பட்டறைப் பக்கமிருந்து வருது. உங்களுக்கு அக்கட்டால எவனோ அந்தக் குப்பைய வாங்கி எரிக்கறானாட்டம் இருக்குது.”

எங்களுக்கு அக்கட்டால. பட்டறையைத் தாண்டி இருந்த ஒவ்வொரு கொட்டகையையும் பெயர் சொல்லிச் சந்தேகப்பட்டீர்கள். எங்களை மட்டும் உங்களுக்குத் தோன்றவே இல்லை. என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அதைச் சொன்னீர்கள்.

“நாஞ் சொன்னா பொம்பளைங்க சிரிக்கறாங்க. அதான் செகண்ட் செக்கிங்குக்கு உன்றகிட்டக் கொண்டாந்தேன். நீ பாத்துச் சொல்லு. நீ ஆமான்னா மறுபடியும் ரோட்டுல உக்காரலாம்.”

செகண்ட் செக்கிங் என்றால் என்ன என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். அம்பை ஒட்டியவர் அதை எடுக்கக் கூடாது. இன்னொருவர் பார்க்க வேண்டும். பழுது உண்டென்றால் பீஸ் தனியே போய்விடும். இல்லையென்றால் இரண்டாவதாகப் பார்த்தவர்தான் அம்பை உரிக்க வேண்டும். உரித்த பிறகு முதலில் பார்த்தவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுதான் அந்த மேஜையின் மரியாதை என்பீர்கள்.

துண்டை வாங்கினேன். ஊதினேன். தேய்த்தேன். என் விரல் கறுத்தது. உள்ளே அவர் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தத்தைக் குறைத்தார்.

“விறகுக் கரிதானுங்க்கா” என்றேன். “மழையில நனைஞ்ச விறகு. ஈர விறகு எரிஞ்சா புகையில தார் மாதிரி ஒண்ணு வரும். அது இப்படித்தான் ஒட்டும்.”

“நெசமாவா?”

“கெமிஸ்ட்ரிங்க்கா.”

நான் சொன்னது முழுப் பொய்கூட இல்லை. ஈர விறகின் புகை ஒட்டத்தான் செய்யும். உண்மையிலிருந்து ஒரு துண்டை எடுத்து உங்கள் கண்ணை மறைத்தேன். படிக்காதவள் பொய் சொன்னால் நீங்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பீர்கள். என் படிப்பு எனக்கு அவ்வளவு கச்சிதமாக வேறு எதற்கும் பயன்பட்டதில்லை.

பிறகு அந்த அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தேன். நகக்கண்ணில் வெங்காயத்தோல் ஒட்டியிருந்தது. உரித்த அம்புகளை என் கட்டைவிரலில் வரிசையாக ஒட்டிக்கொண்டேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி அம்பு வந்ததும் துண்டை வாங்கி நான்காக மடித்து, “செரி அம்மிணி. நீ பாத்துட்ட, முடிஞ்சுது” என்று எழுந்து போனீர்கள். மாலையில் பார்த்தேன். உங்கள் வீட்டுக் கொடியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அதோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். மறுநாள் நீங்கள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. குளித்து, கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அவர்கள் வேறெங்கோ குப்பையை எரிக்கிறார்கள் என்று நாலு பேரிடம் சொல்லியிருந்தீர்களாம். செக்கிங்கில் தப்பாக அம்பு ஒட்டினால் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அதே பழக்கத்தில் அங்கேயும் போய் நின்றிருக்கிறீர்கள். மேனேஜர் உங்களை உட்காரச் சொல்லவில்லை. மூட்டைகள் எங்கே போகின்றன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். “பரவால்லம்மா, இனிமேலாச்சும் யோசிச்சுப் பேசுங்க” என்று சொல்லி, ஆஸ்பத்திரி பெயர் போட்ட காலண்டர் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

“மனுசன் கோவப்படவே இல்லம்மிணி” என்று என்னிடம் வந்து சொன்னீர்கள். அந்தக் காலண்டரை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள். ஒரு வருடம் அது உங்கள் வீட்டில் தொங்கியது. உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அதன் பிறகு லைனில் உங்களுக்கு “கரியக்கா” என்று பெயர் வந்தது. குழாயடியில் யாராவது எதற்காவது குறை சொன்னால், “கரியக்காகிட்டக் குடுங்க, அம்பு ஒட்டித் தருவாங்க” என்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நானும் அங்கே இருந்தேன். நானும் சிரித்தேன்.

மாசி மாதத்தில் பாய்லர்காரருக்கு மூட்டையிலிருந்து ஒரு ஊசி உள்ளங்கையில் குத்தியது. இவர் பயந்துபோனார். அதோடு மூட்டைகள் நின்றன. “இப்பத் திருப்தியா?” என்று என்னிடம் கேட்டார். ஐப்பசியிலிருந்து மாசி வரை, செல்வி இருமியது எங்கள் பாய்லர் புகையில். நானும் அதைக் கேட்டுக்கொண்டேதான் சமைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. செக்கிங் மேஜைப் பஞ்சுத் தூசி என்றார்கள். இருக்கலாம். அந்த ஐந்து மாதப் புகைக்கும் அதில் பங்குண்டா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உண்டு என்றோ இல்லை என்றோ யாராவது அடித்துச் சொன்னால்கூட எனக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். “அக்கா, அன்னைக்கு அந்தத் துணி...” என்று ஆரம்பித்தேன். நீங்கள் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு சிரித்தீர்கள்.

“அத இன்னும் நெனச்சிட்டிருக்கியா? விடு அம்மிணி. தப்பா ஒட்டுனது நானு. நீ உரிச்ச. அதுல என்ன இருக்குது?”

அம்பை உரித்ததற்காக வருந்துகிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். என்னைத் தேற்றினீர்கள். மூச்சு வாங்கியது, மாஸ்க்கைத் திரும்ப வைத்தேன். பேச்சுக் கொடுத்து உங்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்பது நல்ல சாக்காக இருந்தது. நான்கு நாளில் போய்விட்டீர்கள்.

போன வாரம் செல்வியைப் பார்த்தேன். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை. வண்டியை நிறுத்திப் பேசினாள். கூட்டத்துக்கு வா கண்ணு, உங்கம்மா செஞ்ச வேலைதான் இது என்றேன். அவள் முகம் மாறிப்போனது.

“வேண்டாமுங்க. எங்கம்மாவுக்கு எதப் பாத்தாலும் டேமேஜுதான். இல்லாத கரிக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாங்க. இஸ்கோல்ல என்னையவே ‘கரியக்கா மக’ன்னு கூப்புட்டாங்க. நீங்க படிச்சவங்க, நீங்க பேசுங்க. நான் வரலீங்க.”

இல்லாத கரி என்றாள் அக்கா. உங்கள் வயிற்றில் பிறந்தவள். உங்கள் கண்ணில் பழுது என்று நம்பிக்கொண்டு இருபது வயதில் நிற்கிறாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘இங்கே வேண்டாம், வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் சாரம். எட்டு வருடத்துக்கு முன்னால் நாம் கேட்டதும் அதுதான். அப்போது ‘வேறு எங்காவது’ என்பது எங்கள் பட்டறையாக இருந்தது. கேசரி தின்றுகொண்டிருந்த அன்று ‘எங்கே?’ என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது யார் என்பதையாவது என்னால் சொல்ல முடியும்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். புதன்கிழமை மாலை செல்வி வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அவள் வீட்டுக்குப் போவேன். எங்கள் பாய்லரில் என்ன எரிந்தது, நான் எதைப் பார்த்து எதைச் சொன்னேன் என்பதை முதலில் அவளிடம் சொல்வேன். அவள் கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்வேன். மறுநாள் கூட்டத்தில், அதிகாரிகள் முன்னால், குழாயடியில் சிரித்த அத்தனை பேர் முன்னால், அதையே திரும்பச் சொல்வேன். பட்டறையின் பெயரைச் சொல்வேன். என் வீட்டுக்காரர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். நான் நன்றாகப் பேசுவேன் என்று இரண்டு நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்னும் தெரியாது.